எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது

பாத்தீங்களா சார், மறுபடியும் வெள்ளரிக்கா. வந்ததுலேருந்து பாத்துகிட்டே இருக்கேன், இந்த சுத்துற பெல்ட்டு மேல நம்ம பக்கம் வர்ற தட்டெல்லாம் வெள்ளரிக்கா, அது பின்னால இன்னொரு வெள்ளரிக்கா, அது பின்னால வெறும் பெல்ட்டு. எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடலாம்னு வாசல்ல ஆள் உசரத்துக்கு எழுதி வச்சிருக்கான். வந்தாத்தான சார் சாப்பிடறது? வெறும் பெல்ட்டு சுத்துறத பாக்கணும்னா நான் வேலைக்கே போயிருப்பேனே. அங்க அதுக்கு சம்பளமும் தர்றான்.

நீங்க சாப்பிடுங்க, நீங்க சாப்பிடுங்க. நான் பாட்டுக்கு பேசிகிட்டு இருப்பேன், கண்டுக்காதீங்க. குச்சிய நல்லா பிடிக்கறீங்க சார். எனக்கு அது சரிப்படல. ஒரு குச்சி இங்க போகுது, ஒரு குச்சி அங்க போகுது, நடுவுல சோறு கீழ போகுது. கைன்னு ஒண்ணு இருக்கும்போது எதுக்கு குச்சின்னு கைலயே எடுத்துட்டேன். அதுவும் சரிதானாம், இங்க வேலை பாக்கற அந்தத் தொப்பி போட்ட பொண்ணே சொல்லிடுச்சு.

அந்தப் பொண்ணு பாவம் சார், வந்ததுலேருந்து என்னாலதான் அதுக்கு வேலை. மொதல்ல இந்தக் குழாய். மேஜைக்கு மேஜை ஒரு குழாய் வச்சிருக்கானே, நான் என்னன்னு நெனைப்பேன்? சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவ வச்சிருக்கான், எவ்ளோ மரியாதையான ஆளுங்கன்னு நெனச்சு ரெண்டு கையையும் நீட்டி அழுத்தினேன் பாருங்க... கொதிக்கற தண்ணி! டீ போட்டுக்கவாம் அது. நான் போட்ட சத்தத்துல அந்த மூணாவது சீட்டுக் கொழந்தை அழுதே போச்சு. என் வீட்டுக்காரி சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்ப நல்லாத்தான் இருந்தோம். அது வந்து உக்காந்த உடனே நடந்தது.

ஆமா சார், வீட்டுக்காரியோடதான் வந்தேன். தனியா வந்து இந்த ஜப்பான்காரன் சூஷி திங்கற அளவுக்கு நான் பெரிய ஆளு இல்ல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான் அவ சீட்டு. அட, எழுந்திருக்காதீங்க! அவ தானா எழுந்து போனா, நீங்க வந்து உக்காந்தீங்க, அதுல உங்க தப்பு என்ன இருக்கு. தோ, அந்தப் பக்கம் இருக்கா. தெரியாது, நடுவுல இந்த டம்ளர் அலமாரி மறைக்குது. இப்படி தலைய சாய்ச்சு, செவுத்துல ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க, ரப்பர் பட்டை தொங்குதே, அதுல அந்தப் பக்கத்து ஓட்டை... அதுலேருந்துதான் தட்டு வெளிய வருது. அது பக்கத்துல இப்ப ஒரு கை வரும் பாருங்க. வந்துச்சா? சுண்டு விரல் மட்டும் மடங்காம தனியா நிக்குதா? அதுதான் என் சம்சாரம்.

பஸ் கதவுல மாட்டினது சார் அந்த விரலு. கல்யாணமான புதுசு. அதுலேருந்து எதை எடுத்தாலும் அது மட்டும் நான் வரலன்னு தள்ளி நிக்கும்.

இப்ப அவ எடுத்தது என்னன்னு பாத்தீங்களா? முட்டை! மஞ்சளா, சதுரமா, இடுப்புல கறுப்பு பெல்ட்டு கட்டிகிட்டு சோத்து மேல உக்காந்திருக்குமே, அந்த முட்டை. இந்தக் கடையில நான் சாப்பிடற ஒரே ஐட்டம் சார் அது. பச்சை மீனு எனக்கு எறங்காது. வேக வச்ச முட்டை, அதுல ஒரு இனிப்பு, அட, அவ்ளோ நல்லா இருக்கு. மொதல் தடவை ஒண்ணே ஒண்ணு எப்படியோ தப்பிச்சு என் வரைக்கும் வந்துச்சு, தின்னேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் முட்டைன்னு ஒண்ணு வெளிய தலை நீட்டினா போதும், அந்த சுண்டு விரல் வந்துடுது. சால்மன விட்டுடறா, எறால விட்டுடறா. முட்டை ஒண்ண கூட விடறதில்ல. அவளுக்கு முட்டையே பிடிக்காது சார்! இருவத்தாறு வருஷத்துல வீட்ல ஒரு ஆம்லெட்டு தின்னு நான் பாத்ததில்ல. எனக்கு வரக்கூடாதுன்னே எடுக்கறா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்க, எனக்கு கைக்கே எட்டல.

இல்ல சார், கூப்பிடல. நான் ஏன் கூப்பிடணும்?

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? கழுத்துப் பட்டையப் பாத்தா ஆபீஸ்தான். மத்தியானத்துல ஒரு மணி நேரம் நிம்மதியா... சரி விடுங்க, அந்த வார்த்தையே வேணாம் இன்னிக்கு. நான் ஏர்போர்ட்ல பெட்டி எறக்கறவன். நீங்க பிளேன்ல வந்து எறங்கி, பெட்டிக்காக நிப்பீங்க இல்ல, பெல்ட்டு பக்கத்துல, வள்ளிசா ஒரு அடி இடம் விடாம நெருக்கிகிட்டு? செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் நிப்பேன். வண்டியில வர்ற பெட்டிய எறக்கி பெல்ட்டு மேல வைக்கறது நான். கைப்பிடி உங்க பக்கம் வர்ற மாதிரி வைப்பேன். எல்லாரும் அப்படி வைக்க மாட்டானுங்க. என்கூட வேலை பாக்கற மொட்டைன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் தலைகீழாத்தான் வைப்பான், கேட்டா வர்றவன் வெறுங்கையோடவா போகப் போறான், எடுத்துக்குவான்பான்.

இருவது வருஷம் சார். எத்தனையோ லட்சம் பேரு வந்திருப்பாங்க, ஒரு மூஞ்சி பாத்ததில்ல. ரப்பர் பட்டைக்கு கீழ கைதான் தெரியும். கைய வச்சே ஆள சொல்லிடுவேன். பெட்டி வந்ததும் கைப்பிடிய தடவிப் பாக்கற கை ஒண்ணு, அது உள்ள ஏதோ உடையற சாமான் வச்சிருக்கற கை. தப்புப் பெட்டிய எடுத்துட்டு நைசா திருப்பி வைக்கற கை ஒண்ணு. அங்க திருப்பி வச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இங்க பாருங்க, எழுதியே போட்டிருக்கான், எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாதுன்னு. எனக்கு எங்க தெரியும்? பழக்கதோஷம். ஊதாக் கலர்ல ஒரு மீனு வந்துச்சு, எடுத்தேன், பாத்தேன், அதுவும் என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு, திருப்பி வச்சேன். தொப்பிப் பொண்ணு ஓடி வந்துடுச்சு. "ஐயா, ஒரு தடவ கை பட்டா அது உங்களுதுதான்"னு சிரிச்சுகிட்டே சொல்லி, தட்ட எடுத்து என் முன்னாலயே வச்சிட்டுப் போயிடுச்சு. ஆக்டோபஸ்ஸாம் அது. மீதி வைக்கவும் கூடாதாம். தோ, இந்தக் காகிதத்துக்கு அடியில மூடி வச்சிருக்கேன். வேணுமா உங்களுக்கு? கையே வைக்கல சார், ரெண்டு விரல்தான்... வேணாமா. சரி.

எங்க விட்டேன்? ஆங், பெல்ட்டு. அப்ப பெல்ட்டுன்னா என்னன்னு இந்தக் கடையில இருக்கற எல்லாரையும் விட எனக்குத் தெரியணுமா வேணாமா? உள்ள நுழைஞ்சதும் நான் என்ன செஞ்சேன், ஒரு பார்வை பாத்தேன். செவுத்துல ரெண்டு வாய். ஒண்ணு போற வாய், ஒண்ணு வர்ற வாய். எந்த வாயில தட்டு வெளிய வருதோ அந்த வாய்கிட்ட உக்காந்தா எல்லாம் நமக்குத்தான் மொதல்ல. பந்திக்கு முந்துன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. எங்க ரூம்ல பெட்டி வெளிய போறது இடது பக்க வாய். எப்பவும் இடது பக்க வாய்தான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால கண்ண மூடிகிட்டு இந்த இடது பக்கம் வந்து, செவுத்தோட ஒட்டின சீட்டாப் பாத்து, ஜம்முனு உக்காந்துட்டேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்குப் புரிஞ்சுடுச்சு இல்ல? எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆச்சு. நான் இருவது வருஷமா பாத்தது செவுத்துக்கு உள்ள நின்னு. இங்க நான் வெளிய இருக்கேன். உள்ள இருக்கறவனுக்கு இடதுன்னா வெளிய இருக்கறவனுக்கு வலது. இது தட்டு வெளிய வர்ற வாய் இல்ல சார், எல்லாரும் தின்னது போக மிச்சம் மீதி உள்ள போற வாய். இந்தக் கடையில கடைசி சீட்டு எதுன்னு தேடித் தேடி பிடிச்சு உக்காந்திருக்கேன்.

அவ அப்பவே சொன்னா. அதுதான் கொடுமை. இன்னும் பைய கூட மடியிலேருந்து எறக்கல, "ஏங்க, இங்க தட்டெல்லாம் உள்ள போகுதுங்க, அந்தப் பக்கம் உக்காரலாங்க"ன்னா. ஒத்தை பார்வையில கண்டுபிடிச்சுட்டா. நான் விடுவேனா? பெல்ட்ட பத்தி எனக்கே பாடமான்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். அந்தக் கொழந்தையோட அப்பா திரும்பிப் பாத்தாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், எனக்கு உக்காரத் தெரியல, பெல்ட்டு மேல பழி.

அதுக்கா கோச்சுகிட்டுப் போனான்னு கேக்கறீங்களா? இல்ல... அதுக்கு அவ கோச்சுக்கல. அதுக்கு சிரிச்சா. இந்த மாதிரி நான் சத்தம் போடறதுக்கெல்லாம் கோச்சுக்கறதா இருந்தா இருவத்தாறு வருஷம் ஓட்டியிருக்க முடியுமா? அடுத்து நான் சொன்னது வேற. அதை விடுங்க.

கோட்டுதான் சார் காரணம். பாருங்க, ஞாயித்துக்கெழமையிலேருந்து வீட்ல ஒரே தேடல். தவிட்டுக் கலர்ல அவளுக்கு ஒரு கம்பளிக் கோட்டு இருக்கு, முழங்கால் வரைக்கும் வரும். அதைக் காணோம். பீரோவ கவுத்தாச்சு, கட்டிலுக்கு அடியில பாத்தாச்சு. என்னையே பாக்கறா. நான் கேக்கறேன், ஒரு ஆம்பளை அந்தக் கோட்ட வச்சுகிட்டு என்ன சார் செய்வான், தின்னவா முடியும்? நான் பாக்கலன்னா பாக்கலதான். சத்தியம் பண்ணுங்கன்னா... சத்தியமெல்லாம் எதுக்கு, வயசான காலத்துல.

ஊருக்குப் போறா சார். நாளைக்குக் காலையில பிளேன். மக வெளியூர்ல இருக்கா, அவளுக்குப் பிரசவம். அம்மா வந்தாத்தான் ஆச்சுன்னுட்டா. ஞாயம்தான, அம்மாவக் கூப்பிடாம பின்ன யாரக் கூப்பிடுவா? என்னைக் கூப்பிட்டா நான் போய் என்ன செய்வேன், கொழந்தைய கைப்பிடி வெளிய தெரியற மாதிரி படுக்க வைப்பேன். ஆறு மாசம். இத்தனை வருஷத்துல நாலு நாள் சேந்தாப்ல பிரிஞ்சு இருந்ததில்ல.

இந்தக் கடைக்கு வந்ததே அதுக்குத்தான். வேலை முடிஞ்சு பஸ்ல வரும்போது இந்த ஜன்னல் வழியா தட்டு சுத்தறத பாத்துகிட்டே போவாளாம். ஒரு நாள் உள்ள போய் உக்காரணுங்கன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கா. நான்தான், பெல்ட்டப் பாத்து பாத்து கண்ணு பூத்துப் போச்சு, சாப்பிடற எடத்துலயும் பெல்ட்டான்னு தட்டிக் கழிச்சுகிட்டே வந்தேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவன்னு கேட்டா. லீவு போட்டுட்டு வந்தேன் சார். ஒன்றரை மணி நேரம்தான் உக்கார விடுவானாம், அந்தப் பலகையில செவப்பு நம்பரு கொறைஞ்சுகிட்டே வருது பாருங்க, அது முடியறதுக்குள்ள அவ இங்க வரலன்னா... வீட்டுக்குப் போனா பெட்டி கட்டணும், பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க, மக போன் பண்ணுவா. உக்காந்து பேசறதுக்குன்னு இருந்தது இந்த ஒன்றரை மணி நேரம்தான். அதுல பாதிய நான் வெள்ளரிக்காயோட கழிச்சாச்சு.

சார், எங்க எழுந்திருக்கறீங்க? ஓ, கை கழுவவா, போயிட்டு வாங்க. அந்தப் பக்கம் கோடியில இருக்கு. குழாயில கழுவிடாதீங்க, சொல்லிட்டேன். உங்க தட்ட நான் பாத்துக்கறேன்.

...

வந்துட்டீங்களா? நாற்காலி சத்தம் கேட்டுச்சு. திரும்பி பாக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க சார், அந்த ரப்பர் பட்டைய விட்டு கண்ண எடுக்க முடியல. முட்டை வர்ற நேரம். அவ கை அசந்திருக்கற நேரமாப் பாத்து ஒண்ணு தப்பிச்சுதுன்னா, சுத்தி நம்மகிட்ட வந்துடும். நீங்க வேற அதை எடுத்துடாதீங்க.

நீங்க இல்லாதப்ப நெனச்சுப் பாத்தேன். உங்ககிட்ட பாதிக் கதைதான் சொன்னேன், மீதியையும் சொல்லிடறேன். முன்னப் பின்ன தெரியாதவர்கிட்ட சொல்றதுல ஒரு சௌகரியம் இருக்கு, நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டீங்க. அந்தக் குழாய்த் தண்ணி என் கைல பட்டுது இல்ல, அவ சிரிச்சுகிட்டே கைக்குட்டைய நனைச்சு என் விரல்ல சுத்தினா. சுத்திகிட்டே, "நான் இல்லாம இந்த மனுஷன் ஆறு மாசம் எப்படித்தான் இருக்கப் போறாரோ"ன்னா. அவ்ளோ பிரியமாச் சொன்னா சார். நான் என்ன சொல்லியிருக்கணும்? ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம், வெள்ளரிக்காய வாயில போட்டுகிட்டு உக்காந்திருக்கலாம். எனக்கு அப்பதான் தப்பு சீட்டுல உக்காந்துட்டோம்னு உறைக்க ஆரம்பிச்சுது, அந்தக் கடுப்பு வேற. "நிம்மதியா இருப்பேன்"னுட்டேன்.

ஒரே வார்த்தை. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். கைக்குட்டைய மெதுவா முடிச்சு போட்டா, பைய எடுத்தா, போயிட்டா. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு தடவ கை பட்டா உங்களுதுதான்னு அந்தப் பொண்ணு ஆக்டோபஸ்ஸுக்குத்தான் சொல்லிச்சு. எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு. அதையும்தான் எங்கயும் திருப்பி வைக்க முடியல.

நிம்மதியாவது, மண்ணாவது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அடுப்படியில ரேடியோ பாடிகிட்டு இருக்கும், அதை விட சத்தமா அவ பாடுவா, அதை விட சத்தமா நான் நிறுத்துடின்னு கத்துவேன். இனிமே போய் யாரப் பாத்து கத்தறது? எங்க வேலையில சில நாள் எல்லாரும் போனப்புறம் ஒத்தைப் பெட்டி ஒண்ணு சுத்திகிட்டே இருக்கும். உள்ள வரும், வெளிய போகும், யாரும் எடுக்க மாட்டாங்க. மொட்டை பெல்ட்ட நிறுத்திடலாம்பான். நான் நிறுத்த விடமாட்டேன், இன்னும் ஒரு சுத்து போகட்டும்டா, யாராவது வருவாங்கம்பேன். இந்த ஒரு வாரமா அந்த மாதிரி பெட்டி வந்தா நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன் சார்.

பயமா இருக்கு, அதுதான் விஷயம். அவகிட்ட சொல்லத் தெரியல. போகாதன்னு சொல்ல முடியுமா, மக பிரசவத்துக்கு? சொன்னா மனுஷனா? அதனால ஒரு வாரமா வாயத் தொறந்தா எல்லாம் சண்டையாவே வருது.

சிரிக்கறீங்களா? மூக்கால சத்தம் வருது. மீனுக்குத் தொட்டுக்கற அந்தப் பச்சைக் காரத்த நெறைய வச்சுட்டீங்களா? அது கண்ணுலேருந்து தண்ணி வர வச்சுடும் சார், பாத்து.

இன்னொண்ணும் சொல்லிடறேன், அந்தக் கோட்டு. அது எங்கயும் காணாமப் போகல. என் லாக்கர்ல இருக்கு. வேலை செய்யற எடத்துல, பூட்ஸுக்கு மேல, பிளாஸ்டிக் பையில சுத்தி பத்திரமா வச்சிருக்கேன். சனிக்கெழமை நான்தான் எடுத்துட்டுப் போனேன். ஏன்னு கேளுங்க. மக இருக்கற ஊர்ல நாலு மாசத்துல குளிர் ஆரம்பிச்சுடுமாம். கோட்டு இல்லன்னா என்ன செய்வா? குளிருக்கு முன்னாடி கெளம்பி வந்துதான ஆகணும்? ரெண்டு மாசம் மிச்சம். அந்த ஊர்ல கோட்டுக் கடையே கெடையாதான்னு கேக்காதீங்க. அது எனக்கு நேத்துதான் தோணிச்சு.

திருப்பி எடுத்துட்டு வந்து பீரோவுல வச்சிடலாம்னுதான் பாக்கறேன். வச்சா, இத்தனை நாள் எங்க இருந்துச்சும்பா. அந்தக் கோட்டுல அவ வாசனை இருக்கு சார். நேத்து லாக்கரத் தொறந்தப்ப... சரி, போதும், சாப்பிடற எடத்துல என்னத்த.

எங்க வேலைல ஒரு நல்லது என்னன்னா, போற பெட்டி வேற ஆளுங்க, வர்ற பெட்டிதான் நாங்க. அவ பெட்டி போறத நான் பாக்க வேண்டியதில்ல. அது திரும்பி வர்ற அன்னிக்கு என் கையிலதான் வரும். பச்சை ரிப்பன் கட்டி வச்சிருக்கேன். எத்தனை ஆயிரம் பெட்டி வந்தாலும் அது எனக்குத் தெரிஞ்சுடும். அதை மட்டும் நான் பெல்ட்ல வைக்க மாட்டேன், நானே தூக்கிகிட்டு வெளிய போயிடுவேன். வேலை போனா போகட்டும்.

அட, இருங்க இருங்க. ஒரு கை வருது. இது அவ கை இல்லயே. முழுக்கை சட்டை... நீலச் சட்டை. சால்மன எடுக்குது. குச்சிய நல்லா பிடிக்குது. உங்க சட்டை மாதிரியே இருக்கு சார், அதே கலரு, அதே கறுப்பு வாட்ச்சு. அவ சீட்ல யாரோ உக்காந்துட்டாங்களே, அப்ப அவ எங்க போனா? வெளிய போயிட்டாளா? என்கிட்ட சொல்லாமயே கெளம்பிட்டாளா சார்?

ஐயோ, முட்டை! முட்டை வெளிய வந்துடுச்சு, நீலச் சட்டை அதைத் தொடவே இல்ல, தாண்டிடுச்சு, அலமாரிக்கு அந்தப் பக்கம் போகுது, வளைவுல திரும்பும் பாருங்க, கொழந்தையத் தாண்டி, அந்த அம்மாவத் தாண்டி, இப்ப நம்ம பக்கம்... சார், அதை விடுங்க, எடுக்காதீங்க, அது என்... என்ன சார், உங்க சுண்டு விரலு...

...

நீ எப்ப வந்த?

இல்ல, எப்ப வந்த, எதுலேருந்து கேட்டுகிட்டு இருக்க? கைக்குட்டையிலேருந்தா? அதுக்கும் முன்னாடியேவா? நாற்காலி சத்தம் கேட்டுச்சே, அது நீயா! அந்த சார் வந்து சீட்டு மாத்திக்கலாமான்னு கேட்டாரா? நல்ல மனுஷன். தோ, அங்கேருந்து கையாட்டறாரு பாரு. இப்பதான் அவரு நிம்ம... நல்லா சாப்பிடறாரு.

மூக்க உறிஞ்சினது நீதானா? நான் பச்சைக் காரம்னு நெனச்சேன். அழாத. சிரிக்கறியா? ரெண்டும் ஒண்ணா வருதா? சரி, ரெண்டையும் பண்ணு, யாரு கேக்கப் போறா.

இது என்னது, இத்தனை தட்டு? எல்லாம் முட்டை... ஒண்ணு கூட கடிக்கலயே. எனக்கா? அங்க உக்காந்து எடுத்து எடுத்து வச்சதெல்லாம் எனக்கா? நடுவுல யாராவது எடுத்துடுவாங்கன்னா? நான் என்னவோ நெனச்சு அந்த சார்கிட்ட உன்னைத் திட்டித் தீத்தேன். பெல்ட்ல அனுப்பியிருக்கலாம்ல... ஆமா, ஆமா. திருப்பி வைக்கக் கூடாது. எழுதித்தான் போட்டிருக்கான்.

இங்க பாரு. நான் சொன்னேன் இல்ல, அந்த வார்த்தை. அது பொய். நீ போனா எனக்கு ஒண்ணும் நல்லா இருக்காது. போயிட்டு வா, மகளப் பாத்துக்க, பேரனோ பேத்தியோ முழுசா எடுத்துக் கொஞ்சிட்டு வா. ஆனா வந்துடு. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல. கையக் குடு. விரல் வலிக்கல, கட்டு அப்படியே இருக்கு, நான் அவுக்கவே இல்ல.

அதுவா? காகிதத்துக்கு அடியில ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா... ஆக்டோபஸ்ஸு. நீ திம்பியா? நெஜமாவா? எவ்ளோ நேரமா அதை எப்படி ஒழிக்கறதுன்னு... தின்னு, தின்னு. நான் முட்டையப் பாக்கறேன். செவப்பு நம்பரு இன்னும் கொஞ்சம் இருக்கு.

என்ன, ஏன் அப்படிப் பாக்கற?

ஆமா... கோட்டு லாக்கர்லதான் இருக்கு. பிளாஸ்டிக் பையில. பூட்ஸு கழுவினதுதான், அழுக்கு ஒண்ணும் ஆகல. சாவி என்கிட்டதான் இருக்கு. போற வழிதான், எடுத்துக்கலாம்.

எடுத்தே ஆகணுமா?